அசல் மெஷின், பொய் டயல்: பழைய கைக்கடிகாரத்தைத் திறந்து சோதித்த பதிவு

பெங்களூரில் பழைய கைக்கடிகாரம் தேடுகிறவர்கள் வழக்கமாகப் போய் நிற்கும் இடங்கள் இரண்டு. ஒன்று கே.ஆர். மார்க்கெட் பக்கத்து சண்டே பஜார். இன்னொன்று அவென்யூ ரோட்டை ஒட்டிய சந்துகளில் இருக்கும் ரிப்பேர் கடைகள். இரண்டிலும் அதிகம் கண்ணில் படுவது அரசு நிறுவனமான எச்.எம்.டி.யின் கடிகாரங்கள்தான். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு அதன் கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது இதே ஊரில். அதனால் ஜனதா, பைலட், சோனா, கோஹினூர் மாடல்கள் எல்லாம் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தன. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததும் கேட்பவர்கள் கூடினார்கள். கூடவே, பளபளவென்று புதுசாகத் தெரியும் ‘பழைய’ கடிகாரங்களும் கூடின.

இவற்றில் முழுப் போலி குறைவு. பதினேழு கல் (சக்கர அச்சுகள் தேயாமல் இருக்க வைக்கும் சின்னக் கற்கள்) கொண்ட மெஷின் ஒன்றைப் புதிதாகச் செய்யத் தொழிற்சாலை வேண்டும். டயலைச் சுரண்டி மறுபடி பெயின்ட் அடிக்க ஒரு அச்சு ஸ்கிரீனும் கொஞ்சம் மையும் போதும். ஆகவே மெஷின் பெரும்பாலும் அசலாகவே இருக்கும், பொய் டயலில் இருக்கும். உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் இதை ‘மும்பை ஸ்பெஷல்’ என்றே சொல்கிறார்கள். இரண்டாவது வகை கலவை: ஒன்றின் கேஸ், இன்னொன்றின் மெஷின், மூன்றாவதின் முள். இரண்டு வகைக்கும் சோதனை ஒன்றுதான். எல்லா பாகமும் ஒரே வயதைச் சொல்கிறதா, ஒரே எண்ணைச் சொல்கிறதா என்று ஒவ்வொன்றாக ஒத்துப்பார்ப்பது.

இந்தப் பதிவுக்காக மேசைக்கு வந்தவை இரண்டு: கறுப்பு டயல் எச்.எம்.டி. பைலட் ஒன்று, நீல டயல் சீக்கோ 5 ஒன்று. இரண்டும் ‘ஒரிஜினல் கண்டிஷன்’ என்று சொல்லி விற்கப்பட்டவை.

கருவிகள் அதிகம் வேண்டாம். கண்ணில் மாட்டும் பத்து மடங்கு லென்ஸ், 365 நானோமீட்டர் யூ.வி. டார்ச், பின்மூடி திறக்கும் கத்தி, திருகுமூடிக்கு ஒட்டிப் பிடிக்கும் ரப்பர் பந்து, 0.8, 1.0, 1.2, 1.4 மி.மீ. ஸ்க்ரூடிரைவர்கள், முள் எடுக்கும் நெம்பி ஒரு ஜோடி, மெல்லிய பிளாஸ்டிக் கவரிலிருந்து வெட்டிய துண்டு, பல்குத்தும் குச்சி, விரலுறை. ஸ்க்ரூடிரைவர் அலகு திருகின் பள்ளத்தை முழுக்க நிரப்ப வேண்டும். சின்ன அலகை வைத்துத் திருகினால் தலை சிதைந்துவிடும். அப்படிச் சிதைந்த தலைகள்தான் ஒரு மெஷின் எத்தனை முரட்டுக் கை பட்டது என்பதற்கு முதல் சாட்சி.

முதலில் பைலட், திறக்காமலே.

தொழிற்சாலை டயலின் எழுத்து, செதுக்கிய தகட்டிலிருந்து மெத்தென்ற திண்டு வழியாக மை எடுத்துப் பதிப்பது. லென்ஸில் பார்த்தால் மை கொஞ்சம் மேடாக நிற்கும், ஓரம் கத்தி வைத்து வெட்டியதாக இருக்கும், மிகச் சிறிய எழுத்துக்குள்ளேயும் வெற்றிடம் அடைபடாது. நம் பைலட்டில் ‘எச்.எம்.டி.’ சின்னத்தின் கால்கள் அடியில் வீங்கியிருந்தன. ஆறு மணிக்கு மேலே உள்ள ‘17 ஜூவல்ஸ்’ வரியில் ஆங்கில ‘இ’ எழுத்தின் நடுக்கோடு மேல்கோட்டோடு ஒட்டிப்போயிருந்தது. நேரில் பார்க்கும்போது இது தெரியாது. கை நீட்டும் தூரத்தில் டயல் அழகாகவே இருக்கும். லென்ஸில் மட்டும்தான் அந்த ஒட்டல் தெரியும். எழுத்து முழுக்கப் புள்ளி புள்ளியாகச் சிதறித் தெரிந்தால் அது பிரின்டரில் அடித்தது. அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை.

அடுத்தது கோடு. டயலை நேர் மேலிருந்து போட்டோ எடுத்து, போன் திரையில் 12க்கும் 6க்கும் ஒரு கோடு, 3க்கும் 9க்கும் ஒரு கோடு போடுங்கள். இரண்டும் முள் நிற்கும் துளையின் நட்டநடுவில் வெட்ட வேண்டும். நம் பைலட்டில் வெட்டும் இடம் துளையின் விளிம்பில் இருந்தது. மையம் தவறுவதற்குக் காரணம் எளிது: மறுபடி அச்சடிப்பவர் டயலைக் கையால் வைத்து ஸ்கிரீனை இறக்குகிறார், தொழிற்சாலையில் டயலின் முதுகில் உள்ள சின்னக் கம்பிக் கால்களே அதைச் சரியான இடத்தில் பிடித்துக்கொள்கின்றன. நிமிடக் கோடுகளை எண்ணுவதும் வீணில்லை. சில டயல்களில் இரண்டு எண்களுக்கு நடுவே நான்குக்குப் பதில் மூன்றோ ஐந்தோ கோடுகள் வந்திருக்கும்.

அழுக்கும் ஒரு கணக்குப்படிதான் சேரும். ஈரம் உள்ளே வருவது சாவி (பக்கத்தில் திருகும் குமிழ்) வழியாகவும் கண்ணாடி ஓரம் வழியாகவும். ஆகவே அசலாக வயதான டயலில் கறை மூன்று மணிப் பக்கத்திலும் விளிம்பிலும் அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் இருக்கும். டயல் முழுக்க ஒரே சீரான பழுப்பு என்றால் அது காலம் செய்ததில்லை. டீத்தண்ணியோ சூடோ செய்தது. டயல் புத்தம் புதிதாகவும் கேஸின் காதுகள் தேய்ந்து மழுங்கியும் இருந்தால் அதையும் அதே சந்தேகத்தோடு பாருங்கள். நாற்பது வருடம் கையில் கிடந்த கடிகாரத்தில் டயல் மட்டும் வயதாகாமல் இருக்க வழியில்லை.

இருட்டில் ஒளிரும் பூச்சுக்கு வருவோம். கடைக்காரர்கள் எல்லாவற்றையும் ‘ரேடியம்’ என்றே சொல்வார்கள். உண்மையான ரேடியம் 1960களின் தொடக்கம் வரை சுவிஸ் டயல்களில் இருந்தது. பிறகு டிரிட்டியம், 1990களின் கடைசியில் அதுவும் போய் ஒளியை வாங்கிச் சேர்த்துவைக்கும் பூச்சு வந்தது. டிரிட்டியத்தின் அரைவாழ்வு 12.3 வருடம் என்பதால் 1970களின் பூச்சு இன்று தானாக ஒளிராது, யூ.வி. டார்ச் அடித்தால் மினுக்கி, டார்ச்சை எடுத்ததும் சட்டென்று அணைந்துவிடும். பத்து விநாடி டார்ச் அடித்துவிட்டு விளக்கை அணைத்துப் பாருங்கள். நிமிடக்கணக்கில் பச்சையாக நின்று ஒளிர்ந்தால் பூச்சு புதிது. நம் பைலட்டில் டயலின் புள்ளிகள் நின்று ஒளிர்ந்தன, முள் ஒளிரவே இல்லை. டயலும் முள்ளும் வேறு வேறு காலம்.

ரேடியத்தின் அரைவாழ்வு ஏறத்தாழ 1600 வருடம். ஒளி செத்துப்போனாலும் கதிர்வீச்சு அப்படியே இருக்கும். 1960களின் தொடக்கம் வரையிலான சுவிஸ் கடிகாரத்தில் பழுப்பேறிய பூச்சு இருந்தால் சுரண்டவோ ஊதவோ வேண்டாம். உதிர்ந்த தூளை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், விரலுறை இல்லாமல் தொடாதீர்கள். முள் நின்ற இடத்தில் டயல் கருகி நிழல் விழுந்திருந்தால் அது ரேடியம் சுட்ட தடம், அசலுக்கு நல்ல சாட்சி.

கேஸ். காந்தம் வைத்துப் பார்ப்பது பலரும் செய்வது, அதனால் பயனில்லை. கைக்கடிகாரக் கேஸுக்குப் பயன்படும் துருப்பிடிக்காத எஃகும் ஒட்டாது, பித்தளையும் ஒட்டாது. ஸ்ட்ராப்பைக் கழற்றி, ஸ்பிரிங் பார் நுழையும் துளையின் உட்பக்கத்தை லென்ஸில் பாருங்கள். ஸ்ட்ராப் கம்பி உரசி உரசி முலாம் போய்விடும் இடம் அது. அங்கே மஞ்சள் தெரிந்தால் பித்தளை மேல் குரோம். எச்.எம்.டி.யில் குரோம் கேஸும் எஃகு பின்மூடியும் சேர்ந்து வருவது இயல்பு, அதைப் போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம். சந்தேகப்பட வேண்டியது வேறு: முலாமுக்கு அடியில் அம்மைத்தழும்பு போன்ற குழிகள். அரித்த பித்தளை மேல் புது முலாம் ஏற்றினால் குழி மூடாது, பளபளக்கும் குழியாக நிற்கும்.

இவ்வளவும் பஜாரிலேயே செய்துவிடலாம். “அண்ணா, பின்னாடி கொஞ்சம் திறந்து காட்டுங்க” என்று கேட்பதில் தப்பில்லை. தொழில் தெரிந்த வியாபாரிகள் கத்தியைத் தயாராகவே வைத்திருப்பார்கள். திறக்க மறுத்தால், மெஷினைப் பார்க்காமல் டயலுக்கு மட்டும் என்ன விலையோ அதற்கு மேல் பேசாதீர்கள்.

இனி திறப்பது. பின்மூடி விளிம்பில் நகம் நுழையும் அளவு ஒரு பிளவு இருந்தால் அழுத்தி மூடியது. கத்தி முனையை அங்கே வைத்து லேசாகத் திருப்பினால் எழும்பும். சுற்றிலும் பள்ளங்கள் இருந்தால் திருகுமூடி; ரப்பர் பந்தை அழுத்தி இடப்பக்கம் திருப்பினால் பாதிக்குப் பாதி அதிலேயே வந்துவிடும். மூடியின் உட்பக்கத்தை முதலில் பாருங்கள். ஊசியால் கீறிய சின்னச் சின்ன எண்களும் தேதிகளும் இருந்தால் பழைய ரிப்பேர்காரர்கள் போட்டவை. நேர்மையாக ஓடிய கடிகாரத்தின் சரித்திரம் அங்கேதான் இருக்கும். அதைப் பாலிஷ் போட்டு அழிக்க வேண்டாம்.

மெஷினில் மூன்று விஷயம்: பெயர், கல் எண்ணிக்கை, கேலிபர் எண் (மெஷினின் மாடல் எண்). நம் பைலட்டில் 17 கல், 0231 என்று சரியாக இருந்தது. சாவி கொடுத்து ஓட்டும் எச்.எம்.டி.களில் பெரும்பாலும் காணப்படுவது இந்த 0231. மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது விநாடிக்கு ஐந்து. விநாடி முள் ஐந்து சின்னத் தாவலில் ஒரு விநாடியைக் கடக்கும். சக்கரங்களை மேலிருந்து பிடித்திருக்கும் தகடுகளான பாலங்களின் நிறமும் பாருங்கள். ஒன்று வெள்ளி, பக்கத்தது பொன்னிறம் என்றால் இரண்டு மெஷின் சேர்ந்து ஒன்றானது. நம்முடையதில் எல்லாம் ஒரே நிறம், ஸ்டெம் (சாவிக் குமிழின் தண்டு) பக்கம் மட்டும் லேசான துரு.

டயலைக் கழற்ற, ஸ்டெம்மை முதலில் எடுக்க வேண்டும். பழைய கைச்சாவி மெஷின்களில் ஸ்டெம்முக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதை ஒரு சுற்று, அதிகம் போனால் ஒன்றரைச் சுற்று தளர்த்தி சாவியை இழுத்தால் வந்துவிடும். முழுக்கக் கழற்றிவிட்டால் அடியில் இருக்கும் லீவர் கழன்று விழும்; அதைத் திரும்ப மாட்ட டயல் பக்கத்துப் பாகங்களையெல்லாம் பிரிக்க வேண்டியிருக்கும். சீக்கோ 7எஸ்26 போன்றவற்றில் திருகு இல்லை, ஒரு லீவரை அழுத்த வேண்டும். அதிகம் அழுத்தினாலும் இதே வம்புதான்.

மெஷினைக் கேஸிலிருந்து வெளியே எடுத்து, ஸ்டெம்மைத் திரும்ப நுழைத்து, முள்களை மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக 12இல் நிறுத்தி, டயல் மேல் பிளாஸ்டிக் துண்டைப் போட்டு, இரண்டு நெம்பியாலும் ஒரே நேரத்தில் அழுத்தி எடுங்கள். மெஷினின் பக்கவாட்டில் உள்ள இரண்டு டயல் திருகுகளைத் தளர்த்தினால் டயல் தூக்க வரும். வராமல் ஒட்டிக்கொண்டு நின்றால் உடனே நிறுத்துங்கள். கால் உடைந்த டயலைப் பசையிலோ இரட்டைப்பக்க டேப்பிலோ ஒட்டியிருப்பார்கள். நெம்பினால் டயல் வளைந்து பெயின்ட் வெடிக்கும். கால் ஏன் உடைகிறது? பழைய பெயின்டைச் சுரண்டும்போதும் தட்டையாக வைத்துத் தேய்க்கும்போதும்.

டயலின் பின்பக்கம்தான் இந்தச் சோதனையில் முடிவான சாட்சி, அதற்காகத்தான் இத்தனை வேலையும். அசல் டயலின் முதுகு வெறும் உலோகம்: மங்கலான பித்தளை நிறம், சில சமயம் முத்திரை எண். நம் பைலட்டில் நடுத்துளையைச் சுற்றிக் கறுப்பு பெயின்ட் பின்பக்கம் வழிந்து உறைந்திருந்தது. விளிம்பில் பெயின்ட் தூறல். ஒரு கால் சால்டர் வைத்துப் புதிதாக நட்டது. சால்டர் வெள்ளையாகக் குமிழியிட்டுப் பக்கத்தில் பரவியிருந்தது. முன்பக்கத்தில் எழுத்து எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பின்பக்கத்தைச் சுத்தம் செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை.

தீர்ப்பு: மெஷின் அசல், கேஸும் மூடியும் அசல், டயல் மறு அச்சு, முள் வேறு கடிகாரத்துடையது. மணிமுள்ளின் குழாய் நெரிக்கப்பட்டிருந்தது. பெரிய துளையுள்ள முள்ளைச் சின்ன அச்சில் பொருத்த இப்படிக் கொறடால் நெரிப்பார்கள். அது எப்போது வேண்டுமானாலும் நழுவும். நேரம் சரியாக ஓடிக்கொண்டிருக்க, மணிமுள் மட்டும் பின்தங்கும்.

சீக்கோவில் வேலை சுலபம், ஏனென்றால் அந்த நிறுவனம் எல்லா இடத்திலும் எண் போட்டுவைத்திருக்கிறது. பின்மூடியில் நான்கு இலக்கக் கேலிபர் எண், ஒரு கோடு, பிறகு கேஸ் எண். தனியாக ஆறு இலக்க வரிசை எண்; அதன் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். அக்டோபருக்குப் பூஜ்யம், நவம்பருக்கு ஆங்கில ‘என்’, டிசம்பருக்கு ‘டி’ (D). எந்தப் பத்தாண்டு என்பதைக் கேலிபர்தான் சொல்லும். டயலின் அடிவிளிம்பில், ஆறு மணிக்கு இருபக்கமும், மிகச் சிறிய எழுத்தில் அதே கேலிபர் எண் தொடங்கும் குறியீடு இருக்கும். கை அசைவில் சுழன்று மெஷினுக்குச் சாவி கொடுக்கும் ரோட்டரிலும் கேலிபர் எண் உண்டு. மூன்றும் ஒன்றாக வேண்டும்.

நம் சீக்கோவில் பின்மூடி 7009, ரோட்டரும் 7009. டயலின் அடிவிளிம்பில் குறியீடே இல்லை. நடுவில் ‘21 ஜூவல்ஸ்’. 7009 பதினேழு கல் மெஷின். 21 கல் என்பது அதற்கு முந்தைய 6119இன் கணக்கு. அந்தக் காலத்து டயலைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். தேதி ஜன்னலின் உள்விளிம்பில் நீல பெயின்ட் தடித்து நின்றது. தொழிற்சாலை டயலில் அந்த விளிம்பு கூர்மையாக, பெரும்பாலும் ஒரு மெல்லிய உலோகச் சட்டத்தோடு இருக்கும். கேஸைக் கூடத் திறக்காமல், ‘21’ என்பதையும் பின்மூடியின் ‘7009’ஐயும் மட்டும் பார்த்தே இதைத் தள்ளியிருக்கலாம். பஜாருக்குப் போகும்போது மூன்று எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 6119க்கு 21, 6309க்கு 17, 7009க்கு 17.

சுவிஸ் கடிகாரங்களில் டயல் வாசகத்தையும் மெஷினையும் ஒத்துப்பார்ப்பதே போதும். டயலில் ‘இன்காப்ளாக்’ (அதிர்ச்சி தாங்கும் ஒரு அமைப்பின் பெயர்) என்றிருந்தால், முன்னும் பின்னும் ஆடும் பாலன்ஸ் வீலின் நடுக்கல் மேல் யாழ் வடிவத்தில் ஒரு மெல்லிய ஸ்பிரிங் இருக்க வேண்டும். மூவிலை வடிவமானால் அது ‘கிஃப்’, வேறு அமைப்பு. ஃபாவ்ரே லூபா டயலில் ‘ட்வின் பவர்’ என்றிருந்தால் உள்ளே மெயின் ஸ்பிரிங் டிரம் இரண்டு இருக்க வேண்டும். ‘டி சுவிஸ் மேட் டி’ (T SWISS MADE T) என்ற குறி டிரிட்டியத்துக்கானது. 1950களின் கடிகாரம் என்று சொல்லி அந்தக் குறியைக் காட்டினால் டயலும் கதையும் பொருந்தவில்லை. பழைய ராடோவின் டயலில் இருக்கும் சின்ன நங்கூரம் தளர்வாகச் சுழல வேண்டும், கடிகாரத்தைச் சாய்த்தால் அது ஆட வேண்டும். பெயின்ட் பட்டு ஒட்டிப்போயிருந்தால் டயலில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். ஒமேகாவின் அசல் அக்ரிலிக் கண்ணாடி நடுவில் கண்ணுக்குத் தெரியாத அளவில் நிறுவனச் சின்னம் உண்டு, லென்ஸில் தெரியும். கேலிபர் எண் பல சுவிஸ் மெஷின்களில் பாலன்ஸ் வீலுக்கு அடியில், தாய்த்தகட்டில் ஒளிந்திருக்கும். சக்கரத்தின் கைகளுக்கு இடையே டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துத் தேடுங்கள்.

கடிகாரத்தின் துடிப்பைக் கேட்டு அளக்கும் கருவியான டைம்கிராஃபர் போலியைக் காட்டாது, ஆனால் பொய் வாசகத்தைக் காட்டும். டயலில் வேகத் துடிப்பு என்று எழுதி 18,000இல் ஓடினால் கேள்வி முடிந்தது. நம் பைலட் முழுச் சாவியில், டயல் மேல்நோக்கி, ஏறத்தாழ 200 டிகிரி வீச்சு (பாலன்ஸ் வீல் ஆடும் அளவு) காட்டியது. நன்றாகச் சர்வீஸ் செய்த மெஷினில் 270க்கு மேல் எதிர்பார்க்கலாம். கருவியில் லிஃப்ட் ஆங்கிள் எண் (வீச்சைக் கணக்கிட மெஷினுக்கு மெஷின் மாற்றிக் கொடுக்கும் எண்) தவறாக வைத்தால் வீச்சும் தவறாகத்தான் காட்டும், அதை நம்பி மெஷினைக் குறை சொல்ல வேண்டாம். குறைந்த வீச்சுக்கு வழக்கமான காரணம், பிரிக்காமல் அப்படியே பெட்ரோலில் முக்கி எடுத்து மேலே எண்ணெய் விடும் ‘சர்வீஸ்’. எண்ணெய் பரவி, பாலன்ஸ் வீலை ஆட்டும் மெல்லிய ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் கடிகாரம் ஒரு மணி நேரத்துக்குப் பல நிமிடம் முந்தும். காந்தம் ஏறினாலும் இதே அறிகுறி. முதலில் காந்தம் இறக்கும் டிமேக்னடைசரில் காட்டிவிட்டுப் பிறகு சுருளைப் பாருங்கள்.

புதியதெல்லாம் பொய்யில்லை என்பதையும் மறக்கக் கூடாது. எச்.எம்.டி. மூடிய பிறகும் மிச்ச இருப்பு விற்பனையில் இருந்தது; பெட்டியும் வாரண்டி அட்டையுமாக அலமாரியில் கிடந்தவையும் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க அசல் வேண்டுமென்றால் ஜலஹள்ளியில் எச்.எம்.டி. அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே கண்ணாடிக்குள் இருக்கும் டயல்களின் எழுத்து வடிவத்தைப் பார்த்துக் கண்ணைப் பழக்குவது நூறு விளம்பரப் படங்களைப் பார்ப்பதைவிட மேல். அந்தப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஊழியர்கள் குடும்பங்கள் இன்னும் உண்டு. மதிகெரே, யஷ்வந்த்பூரில் தெரிந்த தாத்தா யாரிடமாவது பைலட் இருந்தால், விலை பேசாமல் லென்ஸில் ஒருமுறை பார்க்க மட்டும் அனுமதி கேளுங்கள்.

மறு அச்சு டயல் என்று தெரிந்த பிறகும் நம் பைலட்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அசல் 0231 மெஷினும் தேயாத கேஸும் உதிரியாகவே நல்ல விலை பெறும். முழுக்கப் பிரித்துக் கழுவி எண்ணெய் போட்டால் தினசரி கட்டலாம். கறைபட்டாலும் அசலான டயல் தனியாகக் கிடைத்தால் வாங்கி மாற்றலாம். மாற்றும்போது கால்கள் மெஷினின் துளையில் பொருந்துகிறதா என்று முதலில் வெறும் டயலை வைத்துப் பாருங்கள், கால்களை வளைத்துப் பொருத்தாதீர்கள். கழற்றிய மறு அச்சு டயலை மூடியின் உட்பக்கப் படத்தோடும் டயல் முதுகின் படத்தோடும் ஒரு சின்னக் கவரில் போட்டு, ‘மறு அச்சு’ என்று எழுதி வையுங்கள். பின்னால் விற்க நேர்ந்தால் அந்தக் கவரையும் சேர்த்தே கொடுங்கள்.